புது பெஞ்சின் வாசனை

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்கு என் சித்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், மாமா வாசுதேவநல்லூர் மரக்கடையில் பலகை வாங்கி அவசர அவசரமாக ஒரு பெஞ்சு செய்யவைத்தார். என்ன மரம் என்று அவர் கேட்கவில்லை. வெள்ளை வெளேரென்று லட்சணமாக இருந்தது. அவர்கள் வருவதற்குச் சற்று முன்னால் அம்மா அதை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் நாற்றம் எழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மாமா ஊதுபத்தி கொளுத்தினார். மல்லிகை மணமும் சேர்ந்து நிலைமை இன்னும் மோசமானது. கடைசியில் எல்லாருடைய பார்வையும் அங்கிருந்த ஒரே குழந்தையான என்மேல் வந்து நின்றது.

"ஏட்டி, வெளிக்குப் போயிட்டுச் சொல்லாம வந்து நின்னுட்டியா?" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

நான் அழுததையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, பின்கட்டுக்கு இழுத்துப்போய் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். ஈரத்தலையோடு நான் திரும்பியபோதும் நாற்றம் அப்படியே இருந்தது.

"நேரமாயிட்டுல்லா, பொறப்படுவோம்" என்று மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். சித்தி இன்னும் காப்பியே கொண்டுவரவில்லை. மாமாவின் முகம் சுண்டிவிட்டது.

மாப்பிள்ளை மட்டும் எழவில்லை. கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவர். குனிந்து பலகையை முகர்ந்தார்.

"இருங்கப்பா. பிள்ளை மேல தப்பில்ல. இது பீநாறி மரம். ஈரம் பட்டா இப்படித்தான்" என்றார். பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. செல்போனில் படம் படமாகக் காட்டினார். "ஒலகம் பூரா இதுக்குச் சொந்தக்காரங்க உண்டு. அமெரிக்காவுல ஒண்ணு, பழம் இனிக்கும். ஐரோப்பாவுல தெருவுல நிழலுக்கு வைப்பாங்க. சீனாவுல, ஆப்பிரிக்காவுல எல்லாம் இருக்கு."

"நாறுதது மட்டும் நம்ம வீட்டுக்கு வந்திருக்கு" என்றார் மாமா.

கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. காப்பித் தட்டோடு வந்த சித்தி, யாரும் கேட்காமலே, "நம்ம மரத்துப் பழமும் இனிக்குமா?" என்றாள். மாப்பிள்ளை பதில் சொல்லத் தொடங்கினார். காப்பி ஆறிப்போனது. அவருடைய அப்பா மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

பெஞ்சை வெளியே தூக்கிப்போட மாமா ஆள் கூப்பிட்டார்.

"இருக்கட்டும்ணே, எனக்கு ஒண்ணும் நாறலியே" என்றாள் சித்தி.

சற்று முன் முகர்ந்து பெயர் சொன்னவரும், "ஆமா, இப்ப ஒண்ணும் தெரியல" என்றார்.

சித்திக்குச் சளி பிடித்திருக்கிறது, அது அதற்குள் அவருக்கும் ஒட்டிக்கொண்டது என்று நினைத்து, இரண்டு பேரையும் விட்டு எட்டி நின்றுகொண்டேன்.