லுப்லியானாவுக்கு ஒரு பார்சல்

மகளுக்கு ஸ்லோவேனியாவில் வேலை. விசா வந்த அன்றே அந்த நாட்டைப் பற்றி நான் படித்து வைத்துக்கொண்டேன். போன மாசம் அவளுக்குப் பலாப்பழத்தில் கிளறின சக்கவரட்டியும் ஏத்தங்காய் சிப்ஸும் அனுப்ப, திருவனந்தபுரத்தில் எங்கள் கரமனையிலிருந்து பஸ் ஏறிக் கிழக்கேகோட்டையில் ஒரு கூரியர் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரில் ஸ்லோவாக்கியாவைத் தட்டினாள்.

“அது வேற நாடும்மா.”

“ரெண்டும் அடுத்தடுத்துதானே மாமி?”

எனக்குச் சுள்ளென்று வந்தது. “நடுவில ஆஸ்திரியா கிடக்கு. ஸ்லோவேனியாவுக்குத் தலைநகரம் லுப்லியானா. பாதி நாட்டுக்கு மேல காடு, கொஞ்சூண்டு கடற்கரை. ஜனம் இருபது லட்சம் சொச்சம். நம்ம ஜில்லாவிலேயே அதைவிட ஜாஸ்தி.”

எனக்குப் பின்னால் நின்றவர்கள்கூடக் காது கொடுத்தார்கள். அவள் நாட்டை மாற்றினாள்.

பார்சல் கிடைத்ததும் மகள் போன் செய்தாள். ஆபீஸில் எல்லாரும் நம்ம ஊர்ப் பெயர் நீளம் என்று ட்ரிவாண்ட்ரத்தோடு நிறுத்திக்கொள்வார்களாம். அன்று மத்தியானம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்த ஒவ்வொருவரையும் ‘திருவனந்தபுரம்’ என்று முழுசாகச் சொல்ல வைத்துவிட்டுத்தான் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தாளாம்.