மலைக்கு மொட்டை, காலை ஆறு மணிக்கு

“பதினெட்டு வயது நிறைவடைந்த, நல்ல உடல்தகுதியும் இயற்கையின்மீது ஆழ்ந்த ஈடுபாடும் கொண்ட, அமைதி காக்கும் பண்புடைய, மலைப்பகுதியில் நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீட்டர் நடக்கக்கூடிய தன்னார்வலர்கள் வனப் பராமரிப்புப் பணிக்குத் தேவை.”

இந்த அறிவிப்பில் பழனிசெட்டிபட்டி பாத்திரக்கடை ராஜாத்திக்குப் பொருந்தியது முதல் தகுதி ஒன்றுதான். அதுவும் முப்பத்துநான்கு வருடங்களுக்கு முன்பே நிறைவடைந்துவிட்டது. கடையிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு ஆட்டோவில் போகிறவர். அமைதியைப் பொறுத்தவரை, அவர் பேரம் பேசினால் எதிர்வரிசை மருந்துக்கடையில் மாத்திரை கேட்பவர்கள் இரண்டு தடவை கேட்க வேண்டும். விண்ணப்பத்தில் ‘காடு குறித்த முன் அனுபவம்’ என்ற இடத்தில், “இல்லை. வெயில் ஆகாது” என்று எழுதியிருந்தார்.

அவர் காட்டுக்குள் வந்ததற்குக் காரணம் இரண்டு அண்டா.

மயிலாடும்பாறைக்கு மேலே ஒரு மலைச்சரிவுக்குப் பொறுப்பான வனக்காப்பாளர் வினோத்ராஜ், மாசி மாதத்தில் ஒருநாள் கடைக்கு வந்தான். தண்ணீர் வைக்க இரண்டு அண்டா கேட்டான். பேர் வெட்டும் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டே ராஜாத்தி கேட்டார்:

“என்ன விசேஷம் தம்பி?”

“விசேஷமெல்லாம் இல்லக்கா. காட்டுல வேலை.”

“விசேஷம் இல்லாம யாரு அண்டா வாங்குவாக?”

வேறு வழியில்லாமல் அவன் முழுக்கதையும் சொன்னான். சரிவின் அடிவாரத்தில் வண்டிப்பாதை போகிறது. போன வருடம் யாரோ எறிந்த பீடியிலிருந்து தீ பிடித்து மலை ஏறிவிட்டது. பச்சைக்குழையை ஒடித்து அடித்து அடித்து, அவன் வலது கையில் பொசுங்கிய முடி இன்னும் முளைக்கவில்லை. இந்த வருடம் பங்குனி வெயில் தொடங்குவதற்குள், பாதைக்குச் சற்று மேலே ஒன்றரைக் கிலோமீட்டருக்குப் பதினைந்தடி அகலத்தில் புல்லைச் செதுக்கி வெறுந்தரையாக்க வேண்டும். தீ அந்தக் கோட்டைத் தாண்டாது. செதுக்காவிட்டால் மிச்சச் சரிவும் போய்விடும்.

“எத்தன பேரு வந்தாக?”

“நாலு பேரு. அதுல ஒருத்தர் செல்ஃபி எடுத்துட்டுப் போயிட்டாரு.”

“பத்திரிகை வச்சீகளா?”

“வாட்ஸ்அப்ல மூணு தடவ போட்டேன்க்கா.”

ராஜாத்தி மெஷினைக் கீழே வைத்தார். “வீட்டுக்கு வந்து கூப்பிடலன்னு சொந்தத் தாய்மாமனே கோவிச்சுக்கிட்டு நிக்கிற ஊரு தம்பி இது. வாட்ஸ்அப்புக்கு எவுக வருவாக?”

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. இருபத்தைந்து வருடமாகச் சீர்ப் பாத்திரம் விற்றவர் அவர். தான் பேர் வெட்டிக் கொடுத்த எந்த விசேஷத்துக்கும் போகாமல் இருந்ததில்லை. காட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஊரை எப்படிக் கிளப்புவது என்று தெரியும்.

அச்சகத்தில் சூரியபிரகாஷ் கையை விரித்தான். “எங்கிட்ட நாலு மாடல்தான் இருக்கு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பால் காய்ச்சு.”

“காதுகுத்துல அடி. மலைக்கு மொட்ட போடுறதுதான இது.”

அப்படியே அடித்தான். தலைப்பு: தீத்தடுப்பு விழா. காதுகுத்து மாடலில் தாய்மாமன் இடத்தைக் காலியாக விட்டால் பத்திரிகை நிறைவாக இருக்காது என்பதால், இருபத்தெட்டு வயதுக் கல்யாணமாகாத வினோத்ராஜ் மலைக்குத் தாய்மாமன் ஆனான். முகூர்த்தம் காலை ஆறு முதல் ஏழரை. “வேலைன்னு சொன்னா பதினோரு மணிக்கு வருவாக. முகூர்த்தம்னா ஆறு மணிக்கு வந்திருவாக” என்றார் ராஜாத்தி. கீழே நாற்பத்தோரு வீட்டுப் பெரியவர்களின் பெயரையும் போட்டார். எங்கள் பக்கத்தில் பத்திரிகை கைக்கு வந்ததும் தம் பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். மற்ற எழுத்துகளைப் படிக்கும் வழக்கம் இல்லை.

இதனால்தான் ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு இரண்டு வேன்களிலிருந்து அறுபத்துமூன்று பேர் பட்டுப்புடவையும் பட்டுவேட்டியுமாக இறங்கினார்கள். பழத்தட்டு இறங்கியது. பூமாலை இறங்கியது. தாய்மாமன் யார் என்று விசாரித்து, வினோத்ராஜ் வாயைத் திறப்பதற்குள் அதை அவன் கழுத்தில் போட்டார்கள்.

பெரியவர் சின்னச்சாமி நாலாபக்கமும் பார்த்தார். “ஏத்தா ராஜாத்தி, பிள்ளைய எங்க? யாருக்கு மொட்ட?”

“இந்தா, இதுக்குத்தான்.” ராஜாத்தி இடுப்பளவு காய்ந்து நின்ற புல்லைக் காட்டினார். பக்கத்தில் அரிவாளும் மம்பட்டியும் குவிந்திருந்தன.

செல்லப்பாண்டிதான் முதலில் சுதாரித்தார். “பட்டுவேட்டியக் கட்டிக்கிட்டு வந்து புல்லுச் செதுக்கவா? ஏறுங்கய்யா வேன்ல!”

ஏறத்தான் போனார்கள். வினோத்ராஜ் மாலையைக் கழற்றவும் தோன்றாமல் நின்றான். இந்தக் கூட்டம் போனால் இந்த வருடம் இன்னொரு கூட்டம் இல்லை.

புளியமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ராஜாத்தி எழுந்திருக்கவில்லை. குரலை மட்டும் உயர்த்தினார்.

“போறவுக போங்க. சின்னச்சாமி மாமா வீட்டு ஆளுக மட்டும் இருந்தாப் போதும். செல்லப்பாண்டி அண்ணன் வீட்டு ஆளுகளுக்கு இதெல்லாம் முடியாது, பாவம்.”

சின்னச்சாமியும் செல்லப்பாண்டியும் சம்பந்திகள். பிள்ளைகளின் கல்யாணப் பந்தியில் எந்த வீட்டார் முதலில் உட்காருவது என்பதில் தொடங்கி, இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

செல்லப்பாண்டி வேன் படியிலிருந்து காலை எடுத்தார். “யாருக்கு முடியாது?” வேட்டியை மடித்துக் கட்டினார். “எடுங்கடா மம்பட்டிய!”

சின்னச்சாமி வீட்டார் கிழக்கிலிருந்து, செல்லப்பாண்டி வீட்டார் மேற்கிலிருந்து. மற்ற உறவுக்காரர்கள் தத்தம் பக்கம் சேர்ந்தார்கள். பட்டுப்புடவைகள் முழங்காலுக்கு ஏறின. தலைமுறை தலைமுறையாக வயலில் இறங்கியவர்களுக்குப் புல் செதுக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வினோத்ராஜ்தான் ஓரமாக நின்று கற்றுக்கொண்டான். பத்தரை மணிக்கு இரண்டு கட்சிகளும் ஒரு வேலமரத்தடியில் சந்தித்தன. மரம் நட்டநடுவில் இருக்கிறதா, மூன்று அடி தள்ளி இருக்கிறதா என்று உடனே புதுத் தகராறு ஆரம்பமானது. தாய்மாமன் என்ற முறையில் வினோத்ராஜ் டேப் பிடித்தான். அவன் சொன்ன அளவை இரண்டு பேருமே ஏற்கவில்லை; அடுத்த வருடம் அளந்துகொள்ளலாம் என்று விட்டார்கள்.

தீத்தடுப்பு விழாவில் அடுப்பு மூட்ட அனுமதி இல்லை. எனவே கடைக்குப் பின்னால் ஆக்கிய கறிச்சோறு, ‘வனத்துறை’ என்று பேர் வெட்டிய இரண்டு அண்டாவில் வந்திருந்தது. தண்ணீருக்கு வாங்கிய அண்டா என்று வினோத்ராஜ் முனகியதை யாரும் கேட்கவில்லை. இரண்டு வீட்டாருக்கும் ஒரே நேரத்தில், எதிரெதிரே இலை போட்டார்கள்.

பங்குனி கடைசியில் பாதையோரம் தீப்பிடித்தது. கோடு வரைக்கும் எரிந்து, அங்கேயே அணைந்தது.

விழா நடந்த ஞாயிற்றுக்கிழமை ராஜாத்தி நாற்காலியை விட்டு எழுந்தது ஒரே ஒரு முறை, சாப்பிட. ஒரு புல்லைக்கூட அவர் பிடுங்கவில்லை. அதற்கு முந்தைய எட்டு நாட்களில், ஆட்டோவில் போய் அழைத்தால் மரியாதை இல்லை என்று, நாற்பத்தோரு வீட்டுக்கும் நடந்தே போய்ப் பத்திரிகை வைத்தார்.