கிறிஸ்துமஸ் கதையின் கடைசிப் பக்கம்

கடைத்தெருவில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நம் பள்ளியின் பழைய மாணவி ஒருத்தி வந்து என் கையைத் தொட்டாள். "டீச்சர், விசயம் தெரியுமா? ஸ்டெல்லா டீச்சர் நேத்து காலையில போய்ட்டாங்க. வாலாஜாபாத்துல தங்கச்சி வீட்ல இருந்துக்கினு இருந்தாங்களே, அங்கியே." அப்படியா என்று கேட்டுவிட்டு, எடுத்த காயின் நுனியை ஒடித்துப் பார்த்தபடி நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. நான் சொல்ல வந்ததைக் கேட்டுக்கொள்ளாமலே ஸ்டெல்லா நழுவிவிட்டாளே என்று ஆத்திரம்தான் வந்தது.

அவளிடம் கணக்குப் படித்த உங்களில் பலர் இரங்கல் கூட்டத்தில் தங்கமான மனசு என்றீர்கள். நீங்களேதான் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'முப்பத்துநாலு டீச்சர்' என்று பேர் வைத்தவர்கள். முப்பத்தைந்து வாங்கினால் பாஸ். முப்பத்துநாலு வாங்கிய பெண் அவள் காலில் விழுந்து அழுதாலும் அந்த ஒரு மார்க் வராது. "ஒரு மார்க்க நான் குடுத்தா அது என் மார்க்குமா, உன் மார்க்கு ஆவாது" என்பாள். நான் தமிழாசிரியை. அழுகிறவளுக்கு ஐந்து மார்க் கூடவே போட்டு அனுப்புவேன். அதற்கும் அவள் சிரிப்பாள்.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வாரப் பத்திரிகை வாங்கினோம். அதில் வந்த சரித்திரத் தொடர் எனக்கு, காதல் தொடர் அவளுக்கு. அவரவர் பக்கங்களைப் பிரித்தெடுத்து, தொடர் முடிந்ததும் பைண்டு பண்ணிக்கொள்வோம். ஒரே தாளின் முன்பக்கம் அவள் கதையும் பின்பக்கம் என் கதையுமாக வந்துவிட்டால் அந்தத் தாள் முறை வைத்து ஒருத்திக்குப் போகும். தாளை எடுத்துக்கொண்டவள் மற்றவளுக்கு அவள் பக்கத்தைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். ஸ்டெல்லா தன் கதையை வாராவாரம் படிக்க மாட்டாள். மொத்தமாகச் சேர்த்துவைத்து, அரையாண்டுப் பரீட்சை முடிந்த கிறிஸ்துமஸ் லீவில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படிப்பாள். முடிவை யாராவது வாய்தவறிச் சொன்னால் அவ்வளவுதான், தொலைத்துவிடுவாள்.

அந்த வருஷம் அவள் சேர்த்தது ஒரு கிறிஸ்துமஸ் காதல் கதை. மலையூர் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ். பட்டாளத்துக்குப் போன காதலன் கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். வருவானா, மாட்டானா என்று இருபது வாரம் இழுத்தார்கள்.

அதே டிசம்பரில்தான் அவள் எனக்கு அதைச் செய்தாள். பரீட்சை மேற்பார்வையில் நான் மேஜைக்கடியில் தொடர்கதை படித்துக்கொண்டிருந்தேன், இரண்டு பெண்கள் காப்பி அடித்தார்கள். தலைமையாசிரியை விசாரித்தபோது ஸ்டெல்லா உள்ளதைச் சொல்லிவிட்டாள். என்னிடமிருந்து பதினோராம் வகுப்பைப் பிடுங்கி ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். நான் உயிராக நினைத்த வகுப்பு அது. அப்புறம் எனக்கு அது கிடைக்கவேயில்லை. அவளிடம் போய்க் கேட்டேன்.

"ஆமா, நான்தான் சொன்னேன். கேட்டாங்க, சொன்னேன். நீ படிச்சியா இல்லியா?"

படித்தேன்தான். அதற்காக?

கிறிஸ்துமஸ் இதழ் வந்தது. அவள் கதையின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் என் கதை. தாள் என் முறை. பட்டாளத்துக்காரன் கிறிஸ்துமஸ் காலையில் கோயில் வாசலில் வந்து நிற்கிறான், நர்ஸின் கையைப் பிடிக்கிறான், சுபம். நான் ஒரு முழுத்தாளை எடுத்து, முத்து முத்தான கையெழுத்தில், அவன் பெங்களூரில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டதாகக் கடிதம் வருகிறது என்று எழுதினேன். நர்ஸ் தன்னந்தனியாக உட்கார்ந்து கேக் வெட்டுகிறாள். ஸ்டெல்லாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்துதான் அடித்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் பிள்ளையார்பாளையத்தில் அவள் வீட்டுக்குப் போனேன், அவள் முகத்தைப் பார்க்க. பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் வாங்கிய சிவப்புப் பட்டுநூலால் தைத்த புத்தகம் அவள் மடியில் இருந்தது. நாங்கள் சமணர் என்பதால் முட்டை போடாத அச்சு முறுக்கு எனக்கென்று தனி டப்பாவில் இருந்தது. "கடைசிப் பக்கம் நீயே படிமா. உன் கையெழுத்தாச்சே" என்றாள். படித்தேன். அவள் அழவில்லை. "நல்லா இருக்குது. வருசா வருசம் நீயே வந்து படி" என்றாள்.

பத்து வருஷம் படித்தேன். முதல் இரண்டு வருஷம் இனித்தது. பிறகு தொண்டையில் முள்ளாகிவிட்டது. ஒருமுறை, "ஸ்டெல்லா, இந்த முடிவு இருக்கே..." என்று வாயெடுத்தேன். "பொழுது சாயுது, இருட்டினா சாப்பிட மாட்டியே, முறுக்க எடுத்துக்கோ" என்று பேச்சை வெட்டிவிட்டாள். பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று அவளுக்காக இரங்கிக்கொண்டே பஸ் ஏறினேன்.

அடக்கமெல்லாம் முடிந்து அவள் தங்கை அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். "அக்கா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க. கடைசி பேப்பரோட பின்பக்கம் பாக்கணுமாம்."

நான் எழுதிய தாளைத் திருப்பினேன். இத்தனை வருஷம் திருப்பாத பக்கம். வெளிறிய சிவப்பு மை. 'கையெழுத்து நன்று. கதை சொந்தச் சரக்கு. அவன் அப்படிப்பட்டவன் அல்ல. 34/100.' கீழே கையெழுத்து. அந்த முதல் கிறிஸ்துமஸின் தேதி. பின்னட்டையின் உறைக்குள் நாலாக மடித்த அச்சுத்தாள் ஒன்று இருந்தது. அவள் வேறு பிரதி வாங்கி எடுத்துவைத்திருந்த நிஜமான கடைசிப் பக்கம். படித்துப் படித்து மடிப்புகள் ஓட்டையாகியிருந்தன.

ஆக, வருஷா வருஷம் என்னை என் பொய்யையே என் வாயால் படிக்கவைத்து, முறுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பட்டாளத்துக்காரனை வரவழைத்திருக்கிறாள் படுபாவி. இந்த அடிக்குத் திருப்பி அடிக்க எனக்கு ஆள் இல்லாமல் செய்துவிட்டாள்.

அவளுடையதாக என்னிடம் இருப்பது அந்தப் புத்தகமும் முப்பத்துநாலு மார்க்கும். நேற்று சிவப்புப் பேனாவை எடுத்து நாலை ஐந்தாக்கப் பார்த்தேன். முடியவில்லை. நான் போட்டால் அது என் மார்க். எனக்கு வேண்டியது அவள் மார்க்.