இடது காலுக்கு வேலை இல்லாத கார்

1. கவரப்பேட்டை கேட்

கார் ஓட்டக் கிடைத்த முதல் நாளே முதலாளியின் மூக்கை உடைக்கப் பார்த்தேன். வேண்டுமென்று இல்லை. எல்லாம் என் இடது கால் செய்த வேலை.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பி ஆலையில் நான் லாரி டிரைவர். ஊர் செவ்வாப்பேட்டைக்குப் பக்கம். வீட்டில் எல்லோரும் நெல் வயலில் இறங்க, நான் ஒருவன் மட்டும் ஸ்டீயரிங் பிடிக்க வந்துவிட்டேன். அந்த வருடம்தான் பள்ளிப்பட்டுப் பக்கத்து விவசாயி முனிரத்தினத்தின் மகள் சரோஜாவை எனக்குக் கேட்டுப் போனார்கள். மனிதர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"லாரிக்காரனுக்குப் பொண்ணு இல்ல நைனா. அவன் வாரத்துல ஒரு நாளு ஊட்டுக்கு வந்தா பெருசு. கார் டிரைவர்னா சொல்லு, பாக்கலாம்."

அதே சமயத்தில் எங்கள் முதலாளி ஏலத்தில் ஒரு அமெரிக்கக் கார் எடுத்தார். ஆட்டோமேட்டிக். இருந்த டிரைவர் இரண்டே நாளில் சாவியை மேசையில் வைத்து, "இதுல கியர் போட எடமே இல்லீங்க, என்னால ஆவாது" என்று கும்பிட்டுப் போய்விட்டார். நான் போய் நின்றேன்.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு மாசம் ஓட்டிக் காட்டு. சரியா வந்தா கார் உனக்கு. இல்லாட்டி லாரிக்கே ஓடு."

ஆக, என் கல்யாணம் அந்த ஒரு மாதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் நாள், கவரப்பேட்டை ரயில்வே கேட் இறங்குகிறது. பக்கத்தில் முதலாளி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். ஆறு வருட லாரிப் பழக்கம், நிறுத்தணும் என்றால் வலது கால் பிரேக், இடது கால் கிளட்ச். என்னைக் கேட்காமலே இரண்டும் இறங்கின. அந்தக் காரில் கிளட்ச் கிடையாது. பிரேக் பெடலோ செங்கல் அகலம். இரண்டு காலும் ஒரே பெடலில் முழு பலத்தோடு விழுந்தால் என்ன ஆகும்? டயர் அலறியது. சுண்ணாம்பு முதலாளியின் மூக்கில், மூக்கு டேஷ்போர்டில்.

"இன்னாடா, கொல்லப் பாக்குறியா?"

"கிளட்ச்சை மிதிச்சேங்க மொதலாளி."

"இந்த வண்டியில அது எங்கடா இருக்குது?"

"இல்லீங்க. அதாங்க பேஜாரு."

திட்டு வாங்கிக்கொண்டே நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். லாரியில் டாப் கியரில் கிளட்ச் மிதிக்காமல் இப்படி நிறுத்தினால் என்ஜின் குலுங்கி அணைந்துபோகும். இதுவோ ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒருவன் உட்கார்ந்து கியர் போடுகிறானோ என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது. குனிந்தும் பார்த்தேன்.

2. தாஸ் மேஸ்திரியின் இரண்டு ஃபேன்

ஆலையின் வண்டி ஷெட்டுக்குத் தலைவர் தாஸ் மேஸ்திரி. என் சந்தேகத்தைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு ஆபீசிலிருந்து இரண்டு டேபிள் ஃபேனைத் தூக்கி வந்தார். அங்கே கிளார்க்குகள் வியர்த்து வழிந்தார்கள், அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. இரண்டையும் எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போட்டார். அந்தக் காற்றில் மற்றதும் சுற்றியது.

"இது என்ஜின். அது கியர்பாக்ஸ். நடுவுல காத்துக்குப் பதிலு ஆயில். இப்பப் பாரு." இரண்டாவது ஃபேனின் றெக்கையைக் கையால் பிடித்து நிறுத்தினார். "இத்த நிறுத்திட்டேன். அது நின்னுச்சா? நிக்கல. அதான் நீ எகிறி மிதிச்சும் உன் என்ஜின் ஆஃப் ஆவல."

"அப்ப கியரை யாரு எறக்குறது?"

"ஸ்பீடு கொறைய கொறைய அதுவே மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு எறங்கிக்கும். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. லிவரு எப்பவும் ஓட்டுற டி-யில இருந்தா என்ஜின் வண்டியைப் புடிச்சு நிறுத்தும்னு நம்பிடாத. கீழ் கியருக்கு வந்ததும் சைக்கிள் ஃப்ரீவீல் கணக்கா உட்டுடும். லிவரை எல்-லுல, அதான் கீழ் கியருல, போட்டாத்தான் ஃப்ரீவீல் பூட்டிக்கினு என்ஜின் புடிச்சு இழுக்கும். எறக்கத்துல எல். மறந்த, செத்த."

மண்டைக்குப் புரிந்தது. காலுக்குப் புரியவில்லை. மறுநாள் பொன்னேரி ரோட்டில் ஒரு எருமைக்காக நிறுத்தினேன், மறுபடியும் முதலாளியின் மூக்கு. மூன்றாம் நாள் மேஸ்திரி என் தோளிலிருந்த துண்டை உருவி, என் இடது கணுக்காலை சீட்டின் அடிக்கம்பியோடு கட்டினார்.

"ஒரு மாசம் இப்டியே ஓட்டு. கழுத, தானா மறந்துடும்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் பலன் இருந்தது. அன்றிலிருந்து வண்டியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக நானே குனிந்து என் காலைக் கட்டிக்கொள்வேன். முதலாளியின் மூக்கும் ஆறிவந்தது.

3. திருத்தணி மலை இறக்கம்

இருபது நாள் போயிருக்கும். முதலாளிக்குத் திருத்தணியில் ஒரு வேண்டுதல். இப்போது கார்தான் ஓட்டுகிறேன், அன்றைக்கே அங்கேயே பெண் பார்க்கலாமா என்று முனிரத்தினத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டேன். அப்பாவும் மகளும் பஸ்ஸில் வந்தார்கள். பிரகாரத்தில் சரோஜாவைப் பார்த்தேன். அவள் தலை குனியவில்லை, என்னை நேராகப் பார்த்தாள். நான்தான் தலை குனிந்தேன். முனிரத்தினம் காரைச் சுற்றி வந்து, டயரை உதைத்துப் பார்த்து, "நெசமாவே இத்த நீதான் ஓட்டுறியா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

முதலாளி அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். "பஸ்ஸு எதுக்கு? ஏறுங்க, கீழ எறக்கி உட்டுட்றோம்."

அப்பாவும் மகளும் பின் சீட்டில் ஏறினார்கள். நான் சத்தமில்லாமல் காலைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். இறக்கம் தொடங்கும் இடத்தில் முதலாளி சொன்னார்:

"எறக்கந்தானே, நியூட்ரல்ல உடுடா. பெட்ரோல் மிச்சம்."

லாரியில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். மேட்டில் ஏறச் செலவழித்ததைப் பள்ளத்தில் சம்பாதிப்பது என்று அதற்கு ஒரு பெருமை வேறு. மேஸ்திரி சொன்னது தொண்டைவரை வந்தது. வருங்கால மாமனார் எதிரில் முதலாளியிடம் திட்டு வாங்க வேண்டுமா என்று முழுங்கிவிட்டு, லிவரை என்-னில் போட்டேன்.

இரண்டு வளைவுவரை வண்டி சுகமாக இறங்கியது. பிரேக்கை மிதித்து மிதித்து விட்டேன். மூன்றாவது வளைவுக்கு முன்னால் ஏதோ தீய்ந்த வாடை வந்தது. பெடல் மெத்தையை மிதிப்பதுபோல் உள்ளே போனது. வளைந்து திரும்பினால், ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு பஸ். ரேடியேட்டர் கொதித்து நிற்க, டிரைவர் தகர டின்னில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

இடது கால் துண்டை இழுத்துக்கொண்டு துடித்தது. பிரேக்கை முழுக்க மிதித்தும் வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஐயோ முருகா என்று லிவரை இழுத்து எல்-லில் போட்டேன்.

கார் உறுமியது. பின்னாலிருந்து பத்துப் பேர் வாலைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு வெட்டு. முதலாளி பழைய பழக்கப்படி டேஷ்போர்டுக்குப் போனார். வேகம் மளமளவென்று விழுந்தது, மிச்சத்தை இருந்த பிரேக் பார்த்துக்கொண்டது. பஸ்ஸுக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம்.

லாரிக்காரன் புத்தி, சரிவில் வண்டி நின்றால் சக்கரத்துக்குக் கல் வைக்கணும். லிவரை, நின்ற வண்டியைப் பூட்டி வைக்கும் பி-யில் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்து குதித்தேன். கால் கட்டியிருப்பது நினைவில்லை. உடம்பு ரோட்டில், இடது கால் காருக்குள். அப்படியே தலைகீழாகத் தொங்கினேன்.

முனிரத்தினம் இறங்கி வந்து பார்த்தார். துண்டைப் பார்த்தார், காலைப் பார்த்தார். முகம் இருண்டுவிட்டது.

"காலு ஊனம்னு ஒரு வார்த்தை சொல்லலியே நைனா."

"ஊனம் இல்லீங்க மாமா, நல்ல காலுங்க."

"நல்ல காலை எவனாச்சும் கட்டிப் போடுவானா?"

"கட்டலைன்னா அது தானா பிரேக்கை மிதிச்சுடுதுங்க."

"உன் காலு உன்னைக் கேக்காம மிதிக்குமா?" அவர் இரண்டடி பின்வாங்கினார்.

முதலாளி உதவிக்கு வந்தார். "அந்தக் காலுக்கு இந்த வண்டியில வேலையே இல்லீங்க."

"வேலைக்கு ஆவாத காலுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. சரோஜா, எறங்கும்மா. நாம நடந்தே போலாம்."

எனக்கு உயிரே போய்விட்டது. துண்டை அவிழ்த்து எழுந்தேன். வலது காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது காலால் நொண்டியடித்துக் காரைச் சுற்றினேன். ஒரு சுற்று இல்லை, மூன்று சுற்று. பஸ் ஜன்னலெல்லாம் தலை. மூன்றாவது சுற்றில் கை தட்டினார்கள். பஸ் டிரைவர் டின்னைக் கீழே வைத்துவிட்டு விசிலடித்தார்.

முனிரத்தினம் நிதானமாகச் சொன்னார்: "காலு நல்லாத்தான் கீது. கோளாறு தலையில."

அப்போதுதான் சரோஜா பேசினாள். அவள் காரை விட்டு இறங்கவே இல்லை.

"நைனா, கெளம்பும்போதே பாத்துக்கினுதான் இருந்தேன். யாரும் கட்டல, அவரே குனிஞ்சு கட்டிக்கினாரு. தன் காலு தப்பு பண்ணும்னு தெரிஞ்சு தானே கட்டிக்கிற ஆம்பளைய நான் பாத்ததே இல்ல. எனக்கு இவரு போதும். நீ ஏறு."

முனிரத்தினம் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். ஏறிக்கொண்டார். பிரேக் ஆறட்டும் என்று அரை மணி காத்திருந்துவிட்டு, மீதி மலையை எல்-லிலேயே இறங்கினோம். என்ஜின் கத்திய கத்தலில் முதலாளி பெட்ரோலைப் பற்றி வாயே திறக்கவில்லை. அடுத்த வாரமே கார் எனக்கு என்று சொல்லிவிட்டார்.

இப்போது ஆட்டோமேட்டிக் ஓட்ட வருகிற தம்பிகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. இறக்கத்தில் கீழ் கியரில் போடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாராயிருந்தாலும் வாயைத் திறந்து மறுத்துச் சொல்லுங்கள். அன்று நியூட்ரல் போட்டது என் கை. தப்பு என்று தெரிந்தே, திட்டுக்குப் பயந்து போட்டேன். சரோஜா என் காலைத்தான் பார்த்தாள், கையைப் பார்க்கவில்லை. இத்தனை வருடமாக நானும் சொல்லவில்லை. இதை எழுதி முடித்ததும் முதலில் படிக்கப்போகிறவள் அவள்தான். இன்று வீட்டில் சோறு உண்டா என்று தெரியவில்லை.