பதின்மூன்றாயிரம் கிலோமீட்டரும் ஒரு கோடிச் சேலையும்

போன கார்த்திகையில், சிகாகோவில் என் மகன் வீட்டில் இருந்தபோது நடந்தது. நான் ராஜபாளையத்துக்காரன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, லாரியில் கிளீனராக ஏறியவன். இன்று என் பெயரில் ஒன்பது லாரிகள் ஓடுகின்றன. சரக்கு எப்போது போய்ச் சேரும் என்று நான் சொன்னால், சொன்னபடி சேரும். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த கர்வம்தானே!

அன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தங்கை மகன் போன் செய்தான். "மாமா, அம்மா போயிட்டாக."

எங்கள் பக்கம் ஒரு பெண் இறந்தால், உடன்பிறந்தவன் பிறந்த வீட்டுப் புதுச்சேலையை, கோடிச் சேலை என்போம், போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். அவளுக்கு நான் ஒருத்தன்தான். "ஏலே, நான் வாரேன். எடுத்துராதீங்க" என்றேன்.

சென்னை பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்றான் மகன். விமானத்தின் வேகத்தைக் கேட்டு மனக்கணக்குப் போட்டேன். "பதினஞ்சு மணி நேரத்துல போயிரலாம்லா?"

"அது நிக்காமப் போனாத்தாம்ப்பா. நடுவுல எறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்துக் கெடக்கணும். பொறவு மதுர, அங்கேருந்து காரு. ரெண்டு நாளாயிரும்."

"வண்டி மாத்துறதுக்கு எம்புட்டு நேரம்லே? எங்கிட்ட ஒருத்தன் இப்படி ஓட்டுனா அன்னைக்கே சீட்டக் கிழிச்சிருவேன்" என்று சத்தம் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

இடையில் ஓர் அரபு நாட்டில் இறங்கியதும் வீடியோவில் கூப்பிட்டேன். குளிர்பெட்டிக்குள் தங்கை. பக்கத்தில் சுவரில் சாய்ந்தபடி அவள் வீட்டுக்காரர். சர்க்கரை நோயாளி. எடுக்கும்வரை பச்சைத் தண்ணீர் தொடமாட்டேன் என்று இருக்கிறாராம். "ரெண்டு தடவ மயங்கிட்டாக மாமா" என்றான் மருமகன்.

எதிர்வீட்டுக்காரர் போனை வாங்கினார். தெலுங்கு பேசுகிற குடும்பம். என் தங்கை அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். "அண்ணாச்சி, நீங்க சரின்னு சொன்னா ஒங்க கோடிய நான் போடுதேன்."

"எங்க வீட்டுக் கோடியப் போட நீரு யாருவே? நான் செத்தா போயிட்டேன்?" என்று கத்தினேன். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. "திட்டுங்க, வாங்கிக்கிடுதேன். இவியள ஒருவாட்டி பாத்துட்டுத் திட்டுங்க" என்று போனைத் திருப்பினார். மச்சான் என்னைக் கும்பிட்டு, "வந்துருவீகள்ல?" என்றார். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

எத்தனையோ டிரைவர்களை விரட்டியிருக்கிறேன். அங்கே யாரை விரட்டுவது? எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "நீங்களே போடுங்கண்ணே" என்றேன்.

"ராஜபாளையத்துப் பொறந்த வீட்டுக் கோடி!" என்று தெருவே கேட்கச் சொல்லி அவர் போர்த்தினார். முகம் தெரியாத மனிதர்களுக்கு நடுவே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்திருந்தார்கள். மச்சான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

அவள் முகத்தை நேரில் பார்க்காத குறை இன்றும் எனக்கு உண்டு. ஆனால் என் உரிமையை இன்னொருவர் கையில் கொடுத்த அந்த ஒரு நிமிடத்தில்தான் என் தங்கைக்கு நான் நல்ல அண்ணனாக இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.