அக்தர் பேகம் விட்டுக்கொடுத்த முறை

2004ஆம் ஆண்டு ஜூன் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்குத் தபீதாள் அக்தர் பேகத்தை முதன்முதலாகச் சந்தித்தாள். சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை. கதிர்வீச்சுப் பிரிவின் வாசல். இருவருக்கும் கருப்பை வாயில் ஒரே நோய். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர்ச் சிகிச்சை இருவருக்கும் முடிந்திருந்தது. அடுத்தது, உடலுக்குள் குழாய் வைத்து உள்ளிருந்தே கொடுக்கும் சிகிச்சை.

அந்த உள்சிகிச்சையை இரண்டு தவணையில் அளவைக் கூட்டிக் கொடுப்பதா, நான்கு தவணையில் பிரித்துக் கொடுப்பதா என்று மருத்துவமனை ஓர் ஆய்வு நடத்திவந்தது. இருவரும் அதில் சேரக் கையெழுத்திட்டிருந்தார்கள். யார் எந்தக் குழு என்பதை மருத்துவர் தீர்மானிப்பதில்லை. எண்ணிட்டு ஒட்டிய கவர்கள் உள்ளே இருந்தன. உள்ளே போகிறவருக்கு அடுத்த எண்ணுள்ள கவரைப் பிரிப்பார்கள். அதில் இருப்பதுதான் அவருக்கு.

"எது நல்லதுன்னு எங்களுக்கே தெரியாதும்மா, அதுக்குத்தான் ஆராய்ச்சின்னாரு டாக்டரு. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற டாக்டரை இப்பத்தான் பாக்கறேன். உடனே கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார் அக்தர் பேகம், யாரும் கேட்காமலே. பிறகு தபீதாளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ இன்னா கண்ணு, நிக்க முடியாம நெளியற? பாத்ரூம் அந்தாண்ட கீது."

"அதில்லக்கா. ஆஸ்டல்ல ஆயா வேலை எனக்கு. அரை நாள்தான் பர்மிஷன் குடுத்தாங்க. மத்தியானம் புள்ளைங்களுக்குச் சோறு போட நான் தாம்பரம் போயாவணும்."

"அவ்ளோதானா?"

வருகிறவர்கள் தங்கள் ஃபைலை மேசைமேல் இருக்கும் அடுக்கின் அடியில் செருக வேண்டும். நர்ஸ் மேலிருந்து எடுப்பார். மேலே இருந்தது அக்தர் பேகத்தின் ஃபைல், அதற்குக் கீழே தபீதாளுடையது. அக்தர் பேகம் எழுந்து போய், சீட்டுக்கட்டைக் கலைப்பவர்போல் இரண்டையும் மாற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நர்ஸ் பார்க்கவில்லை. தபீதாளின் பெயர் முதலில் வந்தது. அவளுக்குப் பிரித்த கவரில் இரண்டு தவணை என்றிருந்தது. அடுத்து உள்ளே போன அக்தர் பேகத்துக்கு நான்கு.

சிகிச்சை அறையில் ஆள் தனியாகத்தான் படுத்திருக்க வேண்டும். கதவு கனத்து மூடிக்கொள்ளும். மெல்லிய கம்பியின் நுனியில் அரிசியளவு கதிர்மணி, இயந்திரத்திலிருந்து குழாய் வழியே உடலுக்குள் வந்து, நின்று, திரும்பிப் போகும். போனபின் உடம்பில் கதிர் எதுவும் தங்குவதில்லை என்று சொல்லித்தான் படுக்கவைத்தார்கள். ஆனால் அந்தக் கம்பி நகரும் கிரிச்சொலி தபீதாளின் காதில் தங்கிவிட்டது. ஆஸ்டல் மாடியில் துணிக்கொடி காற்றில் உரசினாலும் அவள் செய்த வேலையை விட்டுத் திரும்பிப் பார்ப்பாள்.

இரண்டோடு அவளுக்கு முடிந்தது. அக்தர் பேகம் இன்னும் போய்க்கொண்டிருந்தார். "சோறு போடணும்னு ஓடினவ ரெண்டோட தப்பிச்சிட்டா. என் கவரைத் தூக்கினு போன திருடி!" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

அக்தர் பேகத்தின் வீடு விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில். நாவலூர், சிறுசேரிப் பக்கம் புதிது புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளுக்கு ஜன்னல் திரை தைப்பது அவர் தொழில். கணவர் நசீருதீன் கம்பி மாட்டுவார், இவர் திரை தைப்பார். "வெளியே பாக்கணும்னு அம்மாம்பெரிய ஜன்னல் வெக்கிறாங்க. அப்பறம் மூட நம்மளைக் கூப்புடறாங்க" என்பார். விமானம் தலைக்குமேல் இறங்கும்போது பேச்சைப் பாதியில் நிறுத்தி, அது போனதும் விட்ட சொல்லிலிருந்தே தொடரும் பழக்கம் அந்த வீட்டில் எல்லாருக்கும் இருந்தது. தபீதாளுக்கும் தொற்றிக்கொண்டது. பரிசோதனை நாட்களில் பல்லாவரத்தில் சேர்ந்துகொண்டு இருவரும் ஒன்றாகவே மருத்துவமனைக்குப் போனார்கள். போகும்போதெல்லாம் கவர்த் திருடி கதையும் கூடவே வந்தது.

2006ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அக்தர் பேகத்துக்கு நோய் திரும்பியது.

அன்றோடு அந்த வேடிக்கைப் பேச்சு நின்றது. வலியைப் பற்றிப் பேசினார், திரைத்துணி விலையைப் பற்றிப் பேசினார், மகள் இஃப்ராவின் பிடிவாதத்தைப் பற்றிப் பேசினார். கவரைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் தபீதாள் தாங்கியிருப்பாள். அந்த மௌனத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இவர் மறந்துவிட்டாரா, இல்லை நினைத்து நினைத்து விழுங்குகிறாரா? அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

எந்த வரிசையில் நின்றாலும் முதுகுக்குப் பின்னால் அக்தர் பேகம் நிற்பதுபோல் தோன்றத் தொடங்கியது. ரேஷன் கடையில், பஸ் ஏறும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் திருவிருந்து வரிசையிலும். "நீங்க முன்னாடி போங்க" என்று சட்டென விலகித் திரும்பினாள். பின்னால் நின்ற போதகரின் மைத்துனி முகம் சுளித்தாள். "பின்னாலதானே வரேன், நானா உன்னைத் தள்ளினேன்?"

ஃபைல் மாறியதைச் சொல்லி, ஆய்வை நடத்திய மருத்துவர் யக்ஞநாராயணனிடம் கேட்டே விட்டாள். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"ஃபைலை மாத்தினது தப்பு. ஆனா அதனாலதான் இப்படி ஆச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. ரெண்டு குழுவிலயும் குணமானவங்க இருக்காங்க, திரும்ப வந்தவங்களும் இருக்காங்க. ரெண்டு தவணை கிடைச்சிருந்தாலும் அவங்களுக்கு வந்திருக்கலாம்."

"வராமலும் இருந்திருக்கலாமா சார்?"

அவர் பொய் சொல்லவில்லை. "இருந்திருக்கலாம்" என்றார்.

மறுவாரம் பொழிச்சலூருக்குப் போனாள். அக்தர் பேகம் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். முழு உடம்பும் ஒரு தலையணைக்குள் அடங்கிவிடும்போல் இருந்தது.

"அக்தரக்கா, அன்னிக்கு அந்த ஃபைலை நீங்க..."

விமானம் இறங்கியது. தபீதாள் நிறுத்தினாள். ஓசை தேய்ந்து, ஜன்னல் கண்ணாடியின் அதிர்வும் அடங்கியது. விட்ட சொல்லை எடுக்க அவள் வாயைத் திறந்தபோது அக்தர் பேகம் முந்திக்கொண்டார்.

"முதுகு அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சி வுடேன். இஃப்ராவுக்கு நகமே கெடையாது, எல்லாத்தையும் கடிச்சித் துப்பிடுது."

தபீதாள் சொறிந்தாள். ஒவ்வொரு எலும்பாகக் கையில் தட்டுப்பட்டது. "இன்னும் மேல. ஆங், அங்கதான்" என்றார் அவர். கண் மூடிக் கிடந்தார். அவள் காத்திருந்தாள். திருடி என்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டால் போதும்.

"உனக்கு நல்ல கை" என்றார் அக்தர் பேகம். பிறகு தூங்கிப்போனார்.

தை மாதம் பிறப்பதற்குள் அவர் இறந்தார். அவருக்காக ஃபாத்திஹா ஓதிய அன்று தபீதாள் போனாள். பெண்களுக்கான அறையில், பாதி தைத்த திரைகள் அடுக்கிய அலமாரியோரம் இஃப்ராவைத் தனியே பிடித்துக் கேட்டாள்.

"அம்மா என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா? அந்த ஃபைல் விஷயமா?"

இஃப்ரா யோசித்தாள்.

"உங்களைப் பத்தி நிறைய சொல்லும். நல்லா இருக்கணும்னு துவா செய்யும். எந்த ஃபைலு ஆன்ட்டி?"

வீட்டில் ஒருவரிடமும் அக்தர் பேகம் அதைச் சொல்லியிருக்கவில்லை. இனி அதைச் சொல்லித் தபீதாளைத் திருடி என்று கூப்பிட உலகத்தில் ஆளில்லை.