பதினாலா, நாற்பதா

என் அண்ணி பீஷியா கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவள். பெரியவர்களுக்கான மாலைப் பள்ளியில் மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டாள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டும் பாக்கி. மூன்றாவது தடவையும் போனால் பெயரை எடுத்துவிடுவார்கள். சின்ன வயதில் பள்ளியை விட்ட ஏக்கம், தலை நரைத்த பிறகும் அவளை விடவில்லை.

பகலெல்லாம் எங்களுக்கு வாட்டர் ஆப்பிள் தோப்பில் வேலை. பிஞ்சுக் கொத்துகளுக்குக் காகிதப் பை மாட்ட வேண்டும். என் அண்ணன் ஜின்ஃபா ஏணியில் நின்றபடியே அவளுக்குக் கணக்குச் சொல்லுவான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத மணிச்சட்டத்தின் மணிகளைக் காற்றில் தள்ளுவாள். கடல்காற்று இலைகளுக்குள் புகுந்து ஏதோ முணுமுணுக்கும். மாட்டிய பைகள் மெல்ல ஊதும், மெல்லச் சுருங்கும். கணக்குப் போடுகிறவள் முகமா அது? தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் முகம்.

காரணம் எனக்குத் தெரியும். என் அண்ணன் சரியான ஊமைக்கோட்டான். கல்யாணமான நாளிலிருந்து "சோறு போடு", "மழை வருது" என்பதைத் தாண்டி அவளிடம் பேசியவன் இல்லை. இந்தக் கணக்கு வந்துதான் அவன் வாயைத் திறந்தது.

மாதிரித் தேர்வில் அண்ணி மறுபடியும் மண்ணைக் கவ்வினாள். கணக்கு டீச்சர் தைப்பேயிலிருந்து வந்த சின்னப் பெண். விடைத்தாளைப் பார்த்துக் குழம்பிப்போனாள்.

"ஏன்க்கா, பதினாலு பெருக்கல் ஆறுக்கு இருநூத்தி நாப்பதுன்னு போட்டிருக்கீங்க?"

"நாப்பதுன்னுதானே காதுல விழுது."

"தாள்ல இருக்குறது எப்படிக்கா காதுல விழும்? யாரு குரல்ல?"

அண்ணி வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க வீட்டுக்காரர் குரல்ல."

பதினாலைச் சீன மொழியில் நாங்கள் பத்து-நாலு என்போம். நாற்பதை நாலு-பத்து என்போம். பத்து 'ஷி', நாலு 'ஸி'; பத்துக்கு நாக்கை மடிக்க வேண்டும், நாலுக்கு வேண்டாம். தெற்குக் கோடியில் இருக்கும் எங்கள் பிங்துங் பக்கத்து நாக்கு செத்தாலும் மடியாது. அதிலும் என் அண்ணன் வாயில் இரண்டும் ஒரே 'ஸ்ஸ-ஸ்ஸ'தான்.

"இனிமே தனியா உக்காந்து எழுதிப் பாருங்க. வாய்க்கணக்கு வேண்டவே வேண்டாம்" என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அண்ணி விடிகாலையில் அடுப்படியில் உட்கார்ந்து எழுதிப் பழகினாள். ஆனால் தோப்புக்கு வந்ததும் பழையபடி அவனைச் சொல்லச் சொன்னாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "உனக்கென்ன கிறுக்கா அண்ணி? உன்னைக் கெடுத்ததே அவன் வாய்தான்."

"அது பரீட்சைக்கு. இது எனக்கு. நீ வாயை மூடிக்கிட்டுப் பையை மாட்டு."

பரீட்சை முடிவு ஒட்டிய அன்று அவளோடு நானும் பள்ளிக்குப் போனேன். தேறியவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அதை விரலால் தடவித் தடவி அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே தோப்புக்கு நடந்தாள்.

அண்ணன் ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தான். "என்னாச்சு?"

"போச்சுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

"கெஞ்சிப் பாத்தேன். இன்னும் ஒரு தடவை எழுத விடுறாங்களாம்" என்றாள் அவனிடம்.

அண்ணன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். "அதனால என்ன, எழுதிக்கலாம். கண்ணை மூடு."

அவள் மூடிக்கொண்டாள்.